கண்ணாடி டம்ளருக்குள் ஒரு வண்டு

போன வாரம் ஒரு வாண்டு என்னை மடக்கிப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தெருக்குழாயில் கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்தாள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு கேட்டாள்:

“மாமா, தண்ணி பளிச்சுனு இருக்கு. ஆனா பிளீச்சிங் பவுடர் நாத்தம் அடிக்குது. குடிக்கலாமா, கூடாதா?”

சபாஷ்! பெரியவர்கள் பலர் பளிச்சென்று இருந்தால் மடக் மடக்கென்று குடித்துவிடுவார்கள். நாற்றம் அடித்தால் கீழே கொட்டிவிடுவார்கள். ஏன் என்று கேட்க மாட்டார்கள். இவள் கேட்டாள். விளையாட்டை விட்டுவிட்டு இதைப் படிக்க உட்கார்ந்திருக்கிறாயே, நீயும் அவள் கட்சிதான்!

அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். முதலில் ஒரு மாம்பழக் கதை.

தங்க நிறத்தில் ஒரு மாம்பழம். தோலில் ஒரு புள்ளி கிடையாது. ஆசையாகத் தின்று முடித்துக் கொட்டையைப் பிளந்தால், உள்ளேயிருந்து ஒரு கறுப்பு வண்டு ஓடி வருகிறது! ஓட்டையே இல்லாத பழத்துக்குள் அது எப்படிப் போனது?

பழம் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு குடைந்துகொண்டு கொட்டைக்குள் போய்விடும். பிஞ்சு வளர வளர, குடைந்த வழி ஆறி மூடிவிடும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது.

தண்ணீருக்குள்ளும் இப்படி வண்டுகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வண்டுகள். அதில் ஒரு வகைக்கு உயிர் கிடையாது. அதிலிருந்தே தொடங்குவோம்.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு என்று சின்ன ஊர்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் பூமிக்குக் கீழே கெட்டிப் பாறை. ஆழ்துளைக் கிணறு போட்டால் பளிங்கு மாதிரி தண்ணீர் வரும். கலங்கல் இல்லை, வாசம் இல்லை. ஆனால் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள் விழுந்தன. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கோடுகள். பல ஆண்டுகள் குடித்த பெரியவர்கள் சிலருக்கு மூட்டு வலித்தது, முதுகு விறைத்தது.

காரணம், ஃபுளோரைடு என்ற உப்பு.

டீத்தூளைச் சுடுநீரில் போட்டு மறந்துவிட்டால் என்ன ஆகும்? ஊற ஊறச் சாறு இறங்கிக் கடுத்துப்போகும். பாறை இடுக்கில் தங்கும் தண்ணீரும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் ஊறும்போது, பாறையிலுள்ள ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கிவிடுகிறது.

“மாமா, எங்க வீட்டுப் பற்பசையிலேயே ஃபுளோரைடு இருக்குனு போட்டிருக்கே!” என்கிறாயா? கெட்டிக்காரன்தான் நீ! துளி அளவு ஃபுளோரைடு பல்லுக்கு நல்லது. அளவு மீறினால்தான் வம்பு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வேறு வழியே இல்லாத ஊரில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்றால் எவ்வளவு தெரியுமா? மொட்டைமாடியில் 1,000 லிட்டர் கறுப்புத் தொட்டி இருக்கிறதல்லவா? அது நிறையத் தண்ணீரில் வெறும் ஒன்றரை கிராம். உன் விரல் நுனியில் அடங்கிவிடும்.

இந்தத் தொல்லை நேற்று வந்ததல்ல. 1937-லேயே ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் பக்கத்தில் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

இங்கே உனக்கு ஒரு புதிர். ஃபுளோரைடு தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா?

அவசரப்படாதே. அம்மா அடுப்பில் வைத்த ரசத்தை மறந்துவிட்ட நாளை நினைத்துப் பார். ரசம் சுண்டிப்போயிருக்கும். ருசி? உப்புக் கரிக்கும்! தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது; உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிட்டது. ஃபுளோரைடும் அதே மாதிரி தங்கிவிடும். கொதிக்கக் கொதிக்க அதன் அடர்த்தி கூடுமே தவிர, குறையாது. பிளீச்சிங் பவுடர் போட்டாலும் அது அசையாது.

அப்படியானால் என்ன செய்வது? தண்ணீரையே மாற்ற வேண்டியதுதான். ஒகேனக்கல்லில் காவிரி ஓடுகிறது. அந்த ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றி, சுத்தம் செய்து, குழாய் வழியாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பான் கொடுத்த கடனுதவியும் சேர, ரூ.1,900 கோடிக்கு மேல் செலவு. 2013-இல் திட்டம் திறக்கப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தாயா? பளிங்கு மாதிரி இருந்த தண்ணீரை வேண்டாம் என்று விட்டுவிட்டு, மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் ஓடும் கலங்கல் தண்ணீரைத் தேடிப் போயிருக்கிறார்கள்! ஏன்? கலங்கலை எடுப்பது சுலபம். ஃபுளோரைடை எடுப்பது பெரும்பாடு.

கலங்கலை எப்படி எடுப்பார்கள்? மண் துகள்கள் மிகப் பொடியானவை. ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். சண்டை போட்ட பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்கிறார்களே, அது மாதிரி. படிகாரத்தைக் கரைத்து ஊற்றினால் அந்தச் சண்டை தீர்ந்துவிடும். துகள்கள் கைகோத்து, கட்டியாகி, கனத்து அடியில் இறங்கும். அந்தக் காலத்துப் பாட்டிகள் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசித் தண்ணீரைத் தெளிய வைத்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். மிச்சம் மீதியை மணல் வடிகட்டி பிடித்துக்கொள்ளும்.

இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. குடித்துவிடலாமா?

ஊஹூம். மாம்பழத்தை மறந்துவிட்டாயா? இங்கேதான் உயிருள்ள வண்டு வருகிறது. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, காலரா இவற்றைத் தரும் கிருமிகளில் ஆயிரக்கணக்கானவை ஒரு டம்ளரில் நீந்தினாலும் தண்ணீர் கலங்காது. இவற்றைக் கொல்லத்தான் குளோரின். பெரிய நிலையங்களில் வாயுவாகச் செலுத்துவார்கள். சின்ன ஊரில் டேங்க் ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் மேல்நிலைத் தொட்டியில் ஊற்றுவார்.

குளோரினிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. கொல்ல வேண்டிய கிருமிகளைக் கொன்ற பிறகும் கொஞ்சம் மிச்சம் நின்று, தண்ணீரோடு கூடவே பயணம் செய்யும். நடுவழியில் புதுக் கிருமி நுழைந்தால் அதையும் ஒரு கை பார்க்கும். உன் வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அந்த 1,000 லிட்டர் தொட்டிக் கணக்கில் பார்த்தால், சுமார் பத்து அரிசி மணிகளின் எடை. அவ்வளவுதான் காவல்! சோதனைத் திரவத்தைச் சில சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளானால் காவல்காரர் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, நடுவழியில் கிருமி எப்படி நுழையும்? குழாய்தான் மூடியிருக்கிறதே?

இதற்கு ஒரு சோதனை செய்வோம். இளநீர் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்று எடுத்துக்கொள். நடுவில் குண்டூசியால் ஒரு ஓட்டை போடு. (குத்தும் வேலையை அண்ணனிடமோ அக்காவிடமோ கொடுத்துவிடு.) வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஸ்ட்ராவில் ஊது. ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே பீய்ச்சும். இப்போது அதே ஸ்ட்ராவை டம்ளருக்குள் விட்டு, ஓட்டை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி வைத்து உறிஞ்சு. ‘குர்ர்ர்’ என்று சத்தம் வருகிறதா? வெளிக்காற்று ஓட்டை வழியாக உள்ளே வருகிறது!

ஓட்டை அதே ஓட்டைதான். உள்ளே அழுத்தம் இருந்தபோது வெளியே தள்ளியது. அழுத்தம் போனதும் உள்ளே இழுத்தது. புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு தடவை ஊதி, உறிஞ்சிப் பார். நான் காத்திருக்கிறேன்.

தெருவுக்கு அடியில் போகும் குழாயும் பெரிய ஸ்ட்ராதான். பழைய குழாயில் விரிசல் இருக்கும், இணைப்பு தளர்ந்திருக்கும். சில தெருக்களில் குழாய் சாக்கடைக்குள்ளேயே புகுந்து போகும். தண்ணீர் வேகமாக ஓடும்போது பயமில்லை. விரிசல் வழியாக வெளியேதான் கசியும். நூல் விறைப்பாக இருக்கும்வரை பட்டம் வானத்தில் நிற்கிறதே, அது மாதிரி. நூல் தொய்ந்தால்?

நம் சின்ன ஊர்களில் பலவற்றில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் வரும். தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகும். அழுத்தம் போய்விடும். அந்த நேரம் பார்த்து வெளியில் தேங்கிய சாக்கடை நீர் விரிசல் வழியாக உள்ளே வரும். அடுத்த முறை திறந்ததும் முதல் குடம் கலங்கலாக வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் அனுபவப்பட்ட பாட்டிகள் முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடுத்த குடத்தைத்தான் குடிக்க வைப்பார்கள். பாட்டிக்கு அழுத்தக் கணக்கு தெரியாது. ஆனால் விஷயம் தெரியும்!

இங்கே எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒருவர் குடிநீர்க் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினார். அவருக்குத் தொட்டி நிறைந்தது. எங்களுக்குக் குழாயில் காற்றுதான் வந்தது. அது மட்டுமா? நீ ஸ்ட்ராவை உறிஞ்சினாயே, அதையேதான் அவர் தெரு முழுவதற்கும் செய்துகொண்டிருந்தார். விரிசலுக்குப் பக்கத்தில் இருந்ததெல்லாம் உள்ளே வந்திருக்கும். அவர் வீட்டுப் பிள்ளையும் அதைத்தானே குடித்திருப்பான்? குழாயில் மோட்டார் மாட்டுவது சட்டப்படியும் தவறு. பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். செய்யட்டும் என்பேன் நான்.

கிருமி நுழைந்ததைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. 1982-இல் மஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூன்று இந்திய விஞ்ஞானிகள் அதைப் பற்றி எழுதினார்கள். சின்ன பாட்டில். உள்ளே மருந்து தடவிய ஒரு காகிதத் துண்டு. தண்ணீரை ஊற்றி மூடிவைக்க வேண்டியதுதான். குடலில் வாழும் கிருமிகள் அதில் இருந்தால் அவை அழுகிய முட்டை நாற்றமுள்ள ஒரு வாயுவை உண்டாக்கும். அந்த வாயு மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்ததும் தண்ணீர் கன்னங்கரேல் என்று கறுத்துவிடும். ஒன்றிரண்டு நாளில் முடிவு தெரியும். மைக்ராஸ்கோப் வேண்டாம், பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். உன் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியர் செய்து காட்டலாம்.

சந்தேகம் வந்தால் கொதிக்க வை. கிருமி வண்டுக்கு அது சரியான வைத்தியம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மூடி வைத்து ஆறவிடு. ஆறிய தண்ணீரில் கையை விட்டு மொள்ளாதே. அப்படிச் செய்தால் கொதிக்க வைத்ததே வீண்.

அந்த வாண்டுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறாயா? “லேசான பிளீச்சிங் வாசமா? குடிக்கலாம் கண்ணு. வாசம் பிடிக்கலைன்னா, பாத்திரத்துல பிடிச்சுக் கொஞ்ச நேரம் வை, போயிடும். மூக்கைத் துளைக்கிற மாதிரி அடிச்சாலும், கலங்கலா வந்தாலும் அப்பாகிட்ட சொல்லிப் பேரூராட்சி ஆபீஸ்ல புகார் பண்ணச் சொல்லு” என்றேன்.

அவள் விடவில்லை. “அந்த உயிரில்லாத வண்டு?” என்றாள். அதைக் கண்ணும் மூக்கும் நாக்கும் கண்டுபிடிக்காது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. உன் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருவார்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். உன் தெருவுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியைப் பார்த்திருக்கிறாயா? பல ஊர்களில் அதன் தூணில் ‘தொட்டி சுத்தம் செய்த நாள்’ என்று பெயிண்டில் எழுதியிருப்பார்கள். நாளைக்குப் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பு. அந்தத் தேதியைப் படி. அங்கே தேதியே எழுதவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள். ஒரு அஞ்சலட்டையில் எழுதி எனக்கு அனுப்பு.