இடுப்பு வலியோடு மலைக்குப் போகும் கர்ப்பிணித் தாய்மாருக்கு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தில் பல குடும்பங்களை லயங்களை விட்டு வெளியேற வைத்தன. பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் கர்ப்பிணித் தாய்மாரும் இருக்கிறீர்கள். வீட்டில் சாமான் இல்லை, கையில் காசு இல்லை, பெரட்டுக்குப் போனால்தான் பேர் விழும். இந்த நிலையில் இடுப்பு வலிக்கிறது என்று சொல்ல வாய் வருவதில்லை. சொன்னாலும், "புள்ளத்தாச்சின்னா இடுப்பு வலிக்கத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள்.

ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வரும் வலி என்பதால் அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும் உண்மையல்ல. இதற்குச் சிகிச்சை உண்டு. முதல் மாதங்களிலேயே சொன்னால் எளிதாகக் குறையும். மறைத்துக்கொண்டு ஏழாம் மாதம் வரை கூடை சுமந்தால், கட்டிலில் திரும்பிப் படுக்கவும் முடியாத நிலைக்குப் போகலாம்.

இது என்ன வலி?

இடுப்பெலும்பு ஒரே எலும்பு அல்ல. முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு மூட்டும், பின்னால் முதுகின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு மூட்டுகளும் அதைச் சேர்த்துப் பிடிக்கின்றன. கர்ப்பகாலத்தில் உடம்பின் பாரமும் நிற்கும் விதமும் மாறுகின்றன. மூட்டுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசையாதபோது வலி வருகிறது. முன் எலும்பிலோ, பிட்டத்துக்கு மேலேயோ, தொடையின் உள்பக்கத்திலோ வலிக்கலாம். ஒற்றைக்காலில் நிற்கும்போது, படி ஏறும்போது, காலை அகட்டும்போது, படுக்கையில் புரளும்போது கூடும். நடக்கும்போது முன்பக்கம் "டக்" என்று ஒரு சத்தம் அல்லது உரசல் தெரியலாம். இந்த வலியால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

தேயிலை மலையில் இந்த வலியைக் கூட்டுகிற எல்லாமே இருக்கின்றன. சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நின்றுதான் கொழுந்து பறிக்கிறோம். கான் தாண்டுகிறோம். தலையில் மாட்டிய கயிற்றில் கூடை தொங்குகிறது. முகாமில் வாரக்கணக்காகச் சீமெந்துத் தரையில் பாயில் படுத்தது, திரும்பி வந்ததும் வீட்டுச் சேற்றை அள்ளியது, பாதை உடைந்ததால் சுற்றுவழியில் ஏறி இறங்கியது எல்லாம் இதற்கு மேல் சேர்கின்றன.

"வீடு கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு நடந்தது. அந்தக் குடும்பங்களுக்கு மாக்கல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். வீடு எப்போது வரும் என்று தெரியாது, பிரசவத் திகதி அட்டையிலேயே இருக்கிறது.

வேலை செய்யும் இடத்தில்

கங்காணியிடம் அல்லது கணக்கப்பிள்ளையிடம் கேட்க வேண்டியது லீவு மட்டுமல்ல. பாதைக்குப் பக்கத்தில், சரிவு குறைந்த நிரை கேட்கலாம். கூடை நிறையும் வரை காத்திராமல் பாதியிலேயே கொட்டிவிட்டு வர அனுமதி கேட்கலாம். கொழுந்தை நிறுக்கும் இடத்துக்கு வேறொருவர் சுமந்து போக ஏற்பாடு கேட்கலாம். நிரையில் ஒரே பக்கம் பார்த்து நின்றால் எப்போதும் ஒரே கால்தான் கீழே இருக்கும். ஆகவே அடிக்கடி திரும்பி நின்று பறியுங்கள். கானைத் தாண்டிக் குதிக்காமல் கல் போட்ட இடம் பார்த்துக் கடவுங்கள். படியில் ஏறும்போது வலி குறைந்த காலையும், இறங்கும்போது வலிக்கிற காலையும் முதலில் வையுங்கள். படங்குச் சாக்கின் கயிற்றை வயிற்றின் மேல் இறுக்கிக் கட்ட வேண்டாம். வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டி சிலருக்கு நல்ல ஆறுதல் தரும். அதை எப்படிக் கட்டுவது என்று ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவில் காட்டித் தருவார்கள். அங்கே போகக் கிளினிக்கில் துண்டு கேளுங்கள்.

வாய்ப்பேச்சை விடத் துண்டுக்குப் பலம் அதிகம். கிளினிக் டொக்டரிடம் "பாரம் தூக்கக் கூடாது, சரிவில் நிற்கக் கூடாது" என்று எழுதி வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, கர்ப்பத்தை அறிவித்த பிறகு, பிரசவத்துக்கு முந்திய 3 மாதங்களில் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு தரக்கூடிய வேலையை நிர்வாகம் கொடுக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்திய 3 மாதங்களுக்கும் அதே விதிதான். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் முதல் பிள்ளைக்குக் கொடுக்கும் அதே அளவு பிரசவ லீவுதான். மறுத்தால் தோட்டத் தலைவரிடமோ தொழில் திணைக்களத்திடமோ போகலாம்.

மண்சரிவில் கர்ப்பகாலப் பதிவேடு போய்விட்டதென்றால் பயப்பட வேண்டாம். இன்னொரு பிரதி உங்கள் பழைய பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கும். வேறு தோட்டத்தில் குடியேறியிருந்தால், அந்தப் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் உடனே பதிந்துகொள்ளுங்கள், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில்

பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய பழைய சேலையை வையுங்கள். எழும்போது இரண்டு முழங்கால்களையும் சேர்த்தபடி உருண்டு, கையை ஊன்றி எழும்புங்கள். உடுத்தும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். குந்தியிருந்து துவைப்பதும் அம்மி அரைப்பதும், பெரிய பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் தூக்குவதும் வலியைக் கூட்டும். பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது வீட்டு ஆண்களின் வேலையாகட்டும். ஆணுக்கு அது வெட்கம் என்று சில லயங்களில் இன்னும் பேச்சு இருக்கிறது, அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. முற்றாகப் படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. வலி கூடாத அளவுக்கு நடங்கள். சிறுநீரை அடக்குவதுபோலத் தசைகளை இறுக்கிச் சில விநாடி பிடித்து விடும் பயிற்சியை ஒரு நாளில் சில தடவை செய்யுங்கள்.

மருந்தில் கவனம் வேண்டும். வலிக்குப் பனடோல் கர்ப்பிணிகள் எடுக்கலாம், அளவை டொக்டரிடமோ மிட்வைஃப் மிஸ்ஸிடமோ கேளுங்கள். 50 கிலோவுக்குக் குறைந்த உடம்பென்றால் அளவும் குறையும். டைக்ளோபெனாக், இப்யூபுரோபன் போன்ற வலி மாத்திரைகளையும் ஊசிகளையும் டொக்டர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கலாம். மருந்துக் கடையில் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாமல், கர்ப்பம் என்பதையும் சொல்லுங்கள்.

எல்லா வலியும் இந்த வலியல்ல. இரத்தம் பட்டால், தண்ணீர் உடைந்தால், வயிறு விட்டுவிட்டு இறுகினால், பிள்ளையின் அசைவு குறைந்தால், காய்ச்சலோடு சிறுநீர் எரிந்தால், கால் மரத்துப் பலமிழந்தால், கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். உங்கள் பாதை இன்னும் திறக்கவில்லையென்றால், எந்தச் சந்தி வரை வண்டி வரும், அங்கே யார் தூக்கிக்கொண்டு வருவது என்று இன்றே பேசி வையுங்கள்.

இந்த வலி இருக்கிறது என்பதற்காக ஒப்பரேஷன் தேவைப்படாது. எவ்வளவு தூரம் காலை அகட்ட முடிகிறது என்பதை முன்கூட்டியே பிரசவ அறையில் சொன்னால், ஒருக்களித்துப் படுத்தபடி பிரசவிக்க உதவுவார்கள். பிள்ளை பிறந்து சில வாரங்களில் பெரும்பாலானோருக்கு வலி போய்விடும். போகாவிட்டால், பிள்ளையை நிறுக்கக் கொண்டுபோகும் நாளில் உங்கள் இடுப்பைப் பற்றியும் சொல்லுங்கள். அடுத்த பிள்ளைக்கு மீண்டும் வரக்கூடியது என்பதால், பதியும் முதல் நாளிலேயே சொல்லிவையுங்கள்.