வங்கி செய்யும் தருமமும் அதன் வரவு செலவும்



கோயில் திருவிழாவில் ஒரு வங்கி தண்ணீர்ப் பந்தல் போடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுக்கிறது. "நாம் போட்ட பணத்தில்தானே இந்தத் தருமம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

நம் சேமிப்புக்கு வங்கி ஒரு வட்டி தருகிறது. அதே பணத்தைப் பிறருக்குக் கடனாகக் கொடுத்து, அதைவிடக் கூடுதல் வட்டி வாங்குகிறது. சம்பளம், வாடகை, திரும்பி வராத கடன் எல்லாம் போக மிஞ்சுவது இலாபம். புத்தகப் பையும் அந்தச் செலவுகளில் ஒன்று. நம் கணக்கிலுள்ள தொகை அதனால் குறைவதில்லை.

இதனால் வங்கியின் இலாபம் கூடுமா? கூடும் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. இல்லை என்பனவும் உண்டு. நன்கொடை கொடுத்ததால் இலாபம் வந்ததா, இலாபம் வந்ததால் நன்கொடை கொடுத்தார்களா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. எங்களைக் கேட்டால், பைகளை எண்ணுவதைவிட வங்கி தன் தொழிலை எப்படி நடத்துகிறது என்று பார்ப்பதே மேல்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி நன்கொடையில் பேர் பெற்றது. ஆனால் இத்தனை கணக்குத் திறந்தாக வேண்டும் என்று மேலிடம் நெருக்கியதால், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் ஊழியர்கள் இலட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்துவிட்டார்கள். 2016இல் குட்டு வெளிப்பட்டது. தண்டம் 18 கோடியே 50 லட்சம் டாலர். அதைவிடப் பெரிய அடி 2018இல் விழுந்தது: 2017 இறுதியில் இருந்த அளவுக்கு மேல் வளரக்கூடாது என்று அந்நாட்டு மத்திய வங்கி தடை போட்டது. 2025இல்தான் அது நீங்கியது. ஏழாண்டு வளர்ச்சிக்கு எத்தனை புத்தகப் பை ஈடாகும்?

மலேசியாவில் நடந்ததையும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1986இல் மக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. நிர்வாகிகள் சிலர் வேண்டியவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். நிலத்திலும் பங்குகளிலும் பணத்தைப் போட்டார்கள். ஒரு சங்கம் ஆட்டம் கண்டதும் மற்றச் சங்கங்களிலும் மக்கள் பணத்தை எடுக்கத் திரண்டார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. நம்பிக்கை போய்விட்டால் நல்ல சங்கமும் சேர்ந்து ஆடும்.

2005இல் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் அமைந்தது. உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 2,50,000 வெள்ளி வரை அது பொறுப்பேற்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை. கழகத்தின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம் பி.ஐ.டி.எம். அந்தச் சின்னம் வங்கியில் வைக்கப்பட்டிருக்கும். கணக்குத் திறக்கும்முன் அதைத் தேடிப் பாருங்கள். முகப்பில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுமுன், அது எதற்கு என்று கேளுங்கள். பதில் புரியவில்லையென்றால் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளையிடம் காட்டுங்கள்.