படிகாரம் போட்டா குரோமியம் போகுமா? தண்ணீரில் கரைந்த கன உலோகங்களைப் பிரிப்பது எப்படி?

கலங்கிய தண்ணீரில் படிகாரக் கட்டியை நாலு சுற்று சுற்றினால், கொஞ்ச நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும், மேலே தண்ணீர் தெளிந்துவிடும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலப்பதும் இதற்காகத்தான். தொழிற்சாலைக் கழிவுநீரில் இருந்து குரோமியம், ஈயம் போன்ற கன உலோகங்களைப் பிரிக்கும் முறைக்கும் இதுதான் அடிப்படை. ஆனால் ஒரு வித்தியாசம். மண் தண்ணீரில் மிதக்கிறது. உலோகமோ கரைந்திருக்கிறது. பளிங்கு மாதிரி தெரியும் தண்ணீரிலும் அது இருக்கலாம்.

குரோமியம் எங்கிருந்து வருகிறது?

உத்தரப் பிரதேச மாநிலம் கான்பூரில், கங்கைக் கரையில் இருக்கிறது ஜாஜ்மாவ். தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பேர்போன பகுதி. தோல் அழுகாமல் இருக்க குரோமியம் சல்பேட் உப்பில் ஊறவைப்பார்கள். அந்த உப்பை எல்லாம் தோல் உறிஞ்சிக்கொள்வதில்லை. வழக்கமான முறையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு போய்விடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்குப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆலைகள் ஆற்றில் விடும் கழிவுநீருக்கான வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதல் வேலை, கரைந்திருப்பதைக் கரையாததாக மாற்றுவது. சுண்ணாம்பு சேர்த்து தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்துவார்கள். பி.எச். அளவு 8, 9-ஐ ஒட்டி வரும்போது குரோமியம் நுண்ணிய துகள்களாக மாறும். சுண்ணாம்பு அளவுக்கு மீறினால், திரும்பவும் கரையத் தொடங்கிவிடும்.

இந்தத் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும். படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ சேர்த்தால் அந்த விலக்கம் குறையும்.

அடுத்து வருவதுதான் ஃப்ளாக்குலன்ட். பாலிஅக்ரிலமைடு போன்ற நீளமான சங்கிலி மூலக்கூறு இது. உதிரிப் பூக்களை நாரில் தொடுப்பது போல, துகள்களைக் கோத்துப் பஞ்சுத் திரளாக்கும். அப்போது மெதுவாகத்தான் கலக்க வேண்டும். வேகம் கூடினால் திரள் உடைந்துவிடும். கனத்த திரள் அடியில் படிந்ததும், மேல் தண்ணீரைப் பிரித்து வடிகட்டுவார்கள்.

எல்லா உலோகத்துக்கும் இதே வழியா?

இல்லை. குரோமியத்திலேயே இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைய குரோமியம். அதைவிட நச்சு மிகுந்தது ஆறிணைய குரோமியம். இது சுண்ணாம்புக்கு மசியாது. முதலில் ஃபெரஸ் சல்பேட் போட்டு மூவிணையமாக மாற்ற வேண்டும். மேற்கு வங்கத்தின் அடிபம்புத் தண்ணீரில் வரும் ஆர்சனிக்கிலும் ஒரு வகை படிகாரத்தில் சரியாக ஒட்டாது. பிளீச்சிங் பவுடர் சேர்த்து அதை மாற்றிய பிறகுதான் படிகாரம் வேலை செய்யும்.

அப்போ வீட்டில் படிகாரம் போட்டா போதுமா?

போதாது. மண் போகும், உலோகம் போனதா என்று உங்களால் சொல்ல முடியாது. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. தண்ணீர்தான் ஆவியாகும், உலோகம் பாத்திரத்திலேயே இருக்கும். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் சோதிப்பதுதான் வழி. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் அரசு குடிநீர் ஆய்வகங்கள் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன.

பிரித்த உலோகம் எங்கே போகிறது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சாக்கடை அழுக்கை நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிடும். உலோகத்தை எதுவும் தீர்க்காது. தண்ணீரில் இருந்தது கசடுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அந்தக் கசடை அபாயகரமான கழிவாகக் கருதி, நீர் கசியாத குழியில் பாதுகாக்க வேண்டும்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? கான்பூர் தேஹாத் மாவட்டத்தின் ரனியாவில், திறந்தவெளியில் ஆண்டுக்கணக்கில் கொட்டிய குரோமியக் கழிவு மழையில் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31-ல், தோல் ஆலைகளின் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள்.

கசடைக் குறைக்கவும் வழி உண்டு. குரோமியக் கழிவுநீரை மற்ற கழிவுநீரோடு கலக்காமல் தனியாகப் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்துப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி தோல் பதனிடப் பயன்படும். ஆலைக்குக் காசும் மிச்சம்.

உங்கள் ஊரில் சுத்திகரிப்பு நிலையம் வருகிறது என்றால், எத்தனை லட்சம் லிட்டர் சுத்தமாகும் என்று சொல்வார்கள். கசடு எந்த இடத்துக்குப் போகும், யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள்.