தீப்பெட்டிக்குள் கறுப்பு மணல்

சித்தூரில் நீவா ஆற்று மணலில் காந்தத்தைப் புரட்டுவது எங்கள் சிறுவயது விளையாட்டு. உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தம் அது. மயிர்க்கால் மாதிரி அதில் சிலிர்த்து நிற்கும் கறுப்பு மணலை வழித்துத் தீப்பெட்டியில் அடைப்போம். அது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு என்பது, வேதியியல் படித்தபோதுதான் தெரிந்தது.

மா பூத்ததும் அப்பா தத்துப்பூச்சிக்கு எண்டோசல்ஃபான் அடிப்பார். தெளிப்பானைக் கிணற்று வாய்க்காலில் கழுவுவார். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது. ஆனால் அது லேசில் போகிற சரக்கல்ல. மண்ணில் சிதைந்தாலும் எண்டோசல்ஃபான் சல்ஃபேட் என்ற இன்னொரு நஞ்சாகத் தங்கிவிடும்.

இப்போது திருப்பதியில் மாணவர்களுக்கு அதே கறுப்பு மணலைச் செய்து காட்டுகிறேன். இரண்டு வகை இரும்பு உப்புகளைக் கரைத்து அம்மோனியா விட்டால், செம்மஞ்சள் நீர் சட்டென்று மையாகக் கறுக்கும். துகள் ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர்தான். ஆனால் ஒரு கிராம் தூளின் மேற்பரப்பு ஏறத்தாழ மூன்று சென்ட் நிலம்!

பூச்சிமருந்து கரியில் நன்றாக ஒட்டும். ஆனால் நைசான கரித்தூளை நீரிலிருந்து திரும்ப எடுப்பது பெரும்பாடு. கரியோடு இந்தத் துகளைச் சேர்த்துவிட்டால், வெளியே ஒரு காந்தத்தை வைத்தாலே போதும். நஞ்சைச் சுமந்தபடி எல்லாம் ஓரமாக ஒதுங்கும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் விக்கி கால்வின் குழு, 12 நானோமீட்டர் மேக்னடைட் துகள்களைக் கொண்டு நீரிலிருந்து ஆர்சனிக்கை இப்படிப் பிரித்து 2006இல் காட்டியது. அதற்கு வலுக்குறைந்த காந்தப்புலமே போதுமானதாக இருந்தது.

“அப்போ வேலை முடிஞ்சுதா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“இல்லைம்மா, பாதிதான்.”

நீர் தெளிந்துவிட்டது, நஞ்சு அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. துகளை ஆல்கஹாலில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் அந்தக் கழுவுநீரில் நஞ்சு முன்னைவிடச் செறிவாக இருக்கும். அதை உயர்வெப்ப உலையில் எரித்தோ வேறு வகையில் சிதைத்தோ ஆகவேண்டும். வாய்க்காலில் கொட்டினால், அப்பா தெளிப்பானைக் கழுவிய கதைதான்.

சிறுவயதில் தீப்பெட்டி நிரம்பியதும் மணலை ஆற்றிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுவோம். இந்தத் தீப்பெட்டியை அப்படிக் கொட்ட முடியாது.