தொட்டிலுக்கு ஒரு தாலாட்டு

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



பாடகர் குழு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஞாயிறு திருப்பலியும் டிசம்பர் மாத கேரல் பாடல்களும்தான். ஒரு பாடல், வீடில்லாத பிள்ளைக்கு வீடு தேடித் தருமா? இன்று இதைச் சிந்திப்போம்.

1703-ஆம் ஆண்டு இத்தாலியின் வெனிஸ் நகரில், அந்தோனியோ விவால்தி என்ற இளம் குரு, பியேத்தா என்ற அனாதை இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கு வளர்ந்த பெண்பிள்ளைகளின் இசையைக் கேட்கத் தொலைதூரத்திலிருந்தும் மக்கள் வந்தார்கள். பாடிய பிள்ளைகளோ ஆலய மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள். கேட்டவர்கள் காணிக்கை தந்தார்கள்; பிறகு தங்கள் வீடுகளுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இலண்டனில் நடந்தது சற்று வேறு. தாமஸ் கோரம் 1739-இல் நிறுவிய கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்துக்காக, 1750 மே மாதம் ஹேண்டல் தமது 'மெசியா' இசைப்படைப்பை வழங்கி நிதி திரட்டினார். அந்த இல்லம் கைக்குழந்தைகளைக் கிராமத்து வளர்ப்புத் தாய்மாரிடம் ஒப்படைத்தது. ஏறக்குறைய ஐந்து வயது வரை அவர்கள் ஒரு குடும்பத்தின் மடியில் வளர்ந்தார்கள். இசை திரட்டிய காசு, அந்த மடிகளுக்குத் துணைநின்றது.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். தொட்டில் உயிரைக் காத்தது. காக்கப்பட்ட உயிருக்கு அடுத்துத் தேவை, தாலாட்ட ஒருவர்.

அதற்கு ஒரு வழிதான் வளர்ப்புப் பராமரிப்பு. இது தத்தெடுத்தல் அல்ல. தத்தெடுத்த பிள்ளை என்றைக்கும் நம் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில், பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றோரால் வளர்க்க இயலாத பிள்ளையை, தேவைப்படும் காலம்வரை நம் வீட்டில் வைத்து வளர்க்கிறோம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. குடும்பத்தை நேரில் விசாரித்த பிறகு, குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். 'மிஷன் வத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2024-இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளின்படி, தனித்து வாழ்வோரும் முன்வரலாம். தத்துக்கொடுக்கச் சட்டப்படி தகுதியுள்ள பிள்ளையை, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே குடும்பம் தத்தெடுக்கவும் வாய்ப்பு உண்டு.

"பாசம் வைத்து வளர்த்த பிள்ளை திரும்பிப் போய்விட்டால்?" என்று நம்மில் பலர் தயங்குவோம். நியாயமான அச்சம்தான். நம் புனித சூசையப்பரை நினைப்போம். தம் இரத்தமல்லாத பிள்ளைக்குப் பெயர் சூட்டினார், தொழில் கற்றுக்கொடுத்தார், எகிப்துக்குத் தூக்கிச் சென்று உயிர் காத்தார். அந்தப் பிள்ளை தமக்குச் சொந்தமல்ல, தந்தையாம் இறைவனுக்கு உரியவர் என்பது தெரிந்தும் அன்பில் குறை வைக்கவில்லை. திரும்பிப் போகும் பிள்ளை, தன்னை ஒருவர் நேசித்தார் என்ற உறுதியையும் உடன் எடுத்துச் செல்லும்.

நம் பாடகர் குழு டிசம்பரில் எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிறது. வேறு யாருக்கு இந்த வாய்ப்பு உண்டு? இந்த ஆண்டு அன்பியம் தோறும் மாட்டுத்தொழுவப் பாலனுக்கு ஒரு தாலாட்டுப் பாடுவோம். பாடி முடித்து, இரண்டு நிமிடம் இந்த வழியை விளக்குவோம். எந்தப் பிள்ளையையும் மேடையேற்றி இரக்கம் தேட வேண்டாம். இப்பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமும் தடுக்கிறது. விரும்புவோர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். எல்லோராலும் இயலாது. இயலாதவர்கள், பிள்ளையை ஏற்ற குடும்பத்துக்குத் தோள் கொடுக்கலாம்: ஒரு மாலை பாடம் சொல்லித்தரலாம், காய்ச்சல் கண்ட இரவில் துணையிருக்கலாம்.

விடுதியில் இடமில்லாமல் பிறந்தவரைப் பாடுகிற நாம், நம் வீட்டில் ஓர் இடம் ஒதுக்க முடியுமா என்று இவ்வாரம் குடும்ப செபத்தில் ஒன்றாகக் கேட்டுப் பார்ப்போம். சிறு பிள்ளையை ஏற்பவர் தம்மையே ஏற்பதாகச் சொன்ன ஆண்டவர், நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.