வலைக்கு மேலே வரும் கால்

விளையாட்டுப் படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை எம்எம் லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். "எங்கே நின்னு எடுக்கப் போறே? பகலா, ராத்திரியா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் மெர்சிங்கில் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

பந்தைக் காலால் வலைக்கு மேலே உதைத்து ஆடும் செபாக் தக்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குள் வந்துவிட்ட ஆட்டம். ஆனால் களம் சின்னது: நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். இதற்கு 400 எம்எம் எதற்கு? முகம் மட்டும்தான் விழும். பந்தும் காலும் சட்டத்துக்கு வெளியே போய்விடும். மண்டபத்தில் ராத்திரி ஆட்டம் என்றால் என் சிபாரிசு 85 எம்எம், எஃப் 1.8. விலை குறைவு. எஃப் 5.6-இல் நிற்கும் ஜூம் லென்ஸைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். உதைக்கும் காலை உறைய வைக்க 1/1000 நொடி வேண்டும்; அந்த வேகத்தில் மண்டப விளக்குக்கு அந்தப் பத்து மடங்கும் தேவை.

ஆனால் எஃப் 1.8-இல் ஒரு சிக்கல். முழுச் சட்டக் கேமராவில், 8 மீட்டர் தள்ளி நின்றால், கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மீட்டர்தான். பந்தைத் துரத்தினால் தோற்றுப்போவீர்கள். ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் நடுவில் 1.52 மீட்டர். அடிப்பவர் தலைகீழாய்ப் புரண்டு உதைக்கும்போது, அவர் கால் பந்தைத் தொடுவது பெரும்பாலும் அந்த வலை ஓரத்தில்தான். ஆகவே அடிப்பவரின் மார்பில் ஃபோக்கஸை வைத்துத் தொடர்ந்துகொண்டே இருங்கள். தொடர் ஃபோக்கஸை (சோனி, நிக்கானில் ஏஎஃப்-சி, கேனனில் சர்வோ) கேமராவின் பின்புறப் பட்டனுக்கு மாற்றிவிட்டால், கட்டைவிரல் ஃபோக்கஸைப் பார்த்துக்கொள்ளும், ஆள்காட்டி விரலுக்கு ஷட்டர் மட்டுமே வேலை. நடுவர் குறுக்கே வந்தால் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். ஃபோக்கஸ் அவர் மேல் தாவாது.

இன்னொன்று, இதைப் பலர் சொல்வதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்தின் டியூப் விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று மஞ்சள், ஒன்று இருட்டு என்று வருவது அதனால்தான். மெனுவில் ஒளித்துடிப்புத் தடுப்பு இருந்தால் இயக்கிவிடுங்கள்.

கடற்கரை வேறு கதை. வடகிழக்குப் பருவக்காற்றில் காற்றாடி பிடித்து அலையில் சறுக்குகிறவர்களுக்கு 100-400 எம்எம் போன்ற நீண்ட ஜூம்தான். 1/2000 நொடி வையுங்கள். நம் கடல் கிழக்கில் இருப்பதால் காலையில் எதிர்வெயில், ஆட்கள் கரும்புள்ளியாய் விழுவார்கள். மாலை மூன்று மணிக்கு மேல் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். முகமும் தெரியும், ஃபோக்கஸும் சீக்கிரம் பிடிக்கும். மணலில் நின்று லென்ஸ் மாற்ற மட்டும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று கேமராவின் விலையைப் பார்ப்பதில்லை.