இரண்டே ஓட்டு வித்தியாசம்!
தலைவர் தோற்றார், தொண்டர்கள் ஜெயித்தார்கள்! கனடாவில் நடந்த விறுவிறுப்பான போட்டி

ஒருவருக்குக் கிடைத்தது 856 ஓட்டு. இன்னொருவருக்குக் கிடைத்தது 854 ஓட்டு. வித்தியாசம் இரண்டே இரண்டு!

பஞ்சாயத்து தேர்தல் கணக்கு அல்ல இது. கனடா தேசத்தின் பெரிய கட்சிகளில் ஒன்றான லிபரல் கட்சிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க நடந்த போட்டியின் கணக்கு. 2006-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு மாண்ட்ரீல் நகரில் இந்த முடிவு அறிவிக்கப்பட்டது. மண்டபத்தில் கூடி இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் திகைத்துப் போனார்கள்.

"என் ஒரு ஓட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு அந்த இரவு பதில் சொன்னது.

யார் தலைவர்?

கனடாவில் பார்லிமெண்டு தேர்தலில் அதிக இடங்களைப் பிடிக்கும் கட்சியின் தலைவரே பெரும்பாலும் பிரதம மந்திரி ஆவார். ஆகையால் கட்சித் தலைவர் பதவி சாதாரணப் பதவி அல்ல. அது பிரதம மந்திரி நாற்காலிக்கு முதல் படி.

அந்தத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்? நாலு பெரிய மனிதர்கள் ஒரு அறையில் கூடிப் பேசி முடிப்பது இல்லை. எம்.பி.க்கள் மட்டும் கூடி முடிப்பதும் இல்லை. கட்சியின் சாதாரண உறுப்பினர்களே முடிவு செய்கிறார்கள். லிபரல் கட்சியில் 14 வயது நிரம்பியவர்கள் கூட உறுப்பினர் ஆகலாம். பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட 18 வயது வேண்டும். ஆனால் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் உரிமை உண்டு!

2006-ம் ஆண்டு ஜனவரி மாதம் நடந்த பொதுத் தேர்தலில் லிபரல் கட்சி தோற்றது. 1993-ம் ஆண்டு முதல் ஆட்சியில் இருந்த கட்சி அது. தோல்விக்குப் பிறகு பிரதம மந்திரி பால் மார்ட்டின் தலைவர் பதவியில் இருந்து விலகினார். காலியான நாற்காலிக்கு 8 பேர் கடைசி வரை களத்தில் நின்றார்கள்.

ஒரு ஆசிரியையின் கதை

இந்தப் போட்டியில் ஒரு தொண்டரின் பாடு எப்படி இருக்கும்?

அல்பர்டா மாகாணத்தில் ஒரு ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் லிபரல் கட்சியின் ஆதரவாளர். ஆனால் அல்பர்டா எதிர்க்கட்சியின் கோட்டை. அந்த 2006 தேர்தலில் மாகாணத்தின் 28 தொகுதிகளிலும் கன்சர்வேடிவ் கட்சியே ஜெயித்தது. லிபரல் கட்சிக்கு ஒரு இடம் கூடக் கிடைக்கவில்லை. ஆசிரியை எத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டாலும் அவருடைய ஊரில் அவர் கட்சி தோற்கும். "ஜெயிக்காத கட்சிக்கு ஏன் இத்தனை பாடு?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்வார்கள்.

தலைவர் தேர்தல் வந்தால் நிலைமை மாறிவிடும். அப்போது தேசத்தில் மொத்தம் 308 தொகுதிகள். கட்சி ஜெயித்த தொகுதியோ, தோற்ற தொகுதியோ, மாநாட்டுக்கு அனுப்பும் பிரதிநிதிகளின் எண்ணிக்கை சமம். டொரண்டோ நகரத் தொகுதிக்கு எத்தனை பேரோ, அல்பர்டா கிராமத்துத் தொகுதிக்கும் அத்தனை பேர். ஊரில் செல்லாக் காசாக இருந்த ஆசிரியையின் ஓட்டு, இங்கே தங்கக் காசு!

செப்டம்பர் 29-ந் தேதி முதல் அக்டோபர் 1-ந் தேதி வரை தொகுதி தோறும் உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள். ஒரு தலைவருக்கு எத்தனை ஓட்டு விழுந்ததோ, அந்த விகிதப்படி அவருடைய ஆதரவாளர்கள் மாநாட்டுக்குப் பிரதிநிதிகள் ஆனார்கள். நம் ஆசிரியை கென்னடி பக்கம் நின்று, பிரதிநிதியாகத் தேர்வு பெற்றார் என்று கொள்வோம்.

அல்பர்டாவில் இருந்து மாண்ட்ரீல் சுமார் 3 ஆயிரம் கிலோ மீட்டர். மாநாட்டுக் கட்டணம், விமான டிக்கெட், ஓட்டல் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆசிரியையின் சம்பளத்துக்குப் பெரிய தொகை. பள்ளிக்கு லீவு போட வேண்டும். குழந்தைகளை யாரிடமாவது விட வேண்டும். "போகாமல் இருந்துவிட்டால்தான் என்ன?" என்ற எண்ணம் எந்தத் தொண்டருக்கும் வரத்தான் செய்யும்.

களத்தில் நின்றவர்கள்

போட்டியில் முன்னணியில் இருந்தவர் மைக்கேல் இக்னாட்டிப். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், எழுத்தாளர். அடுத்தவர் பாப் ரே. அவர் முன்பு வேறு கட்சியில் இருந்து, ஒண்டாரியோ மாகாணத்தின் முதல் மந்திரியாக ஆட்சி செய்தவர். வேடிக்கை என்னவென்றால், இந்த இருவரும் கல்லூரிக் காலத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பர்கள்!

மூன்றாமவர் ஸ்டீபன் டியோன். கியூபெக் மாகாணத்துக்காரர். பிரெஞ்சு தாய்மொழி. மத்திய சர்க்காரில் சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்தவர். ஆரவாரம் இல்லாத மனிதர். தன் வீட்டு நாய்க்குக் கூட, பூமி சூடாவதைத் தடுக்கச் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின் பெயரான "கியோட்டோ" என்பதை வைத்தவர்!

நான்காமவர் ஜெரார்டு கென்னடி. டொரண்டோ நகரில் ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையத்தை நடத்தியவர். பிறகு ஒண்டாரியோவில் கல்வி மந்திரி ஆனார். கல்வி மந்திரியாக இருந்தவர் என்பதால் நம் ஆசிரியைக்கு அவர்மேல் தனி மதிப்பு. ஆனால் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக்கில் அவருக்கு ஆதரவு மிகக் குறைவு.

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் புகழ் பெற்ற கோல் கீப்பர் கென் டிரைடனும் போட்டியில் இருந்தார்.

முதல் சுற்று

விதி இதுதான்: பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் வெற்றி. யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால், கடைசியில் வந்தவரை நீக்கிவிட்டு மறுபடியும் ஓட்டு. இப்படிச் சுற்றுச் சுற்றாகப் போகும். முதல் சுற்றில் தொகுதிப் பிரதிநிதிகள் தாங்கள் வாக்குக் கொடுத்த தலைவருக்கே ஓட்டுப் போட வேண்டும். இரண்டாம் சுற்றில் இருந்து அவரவர் இஷ்டம்.

முதல் சுற்று முடிவு:

இக்னாட்டிப் 1,412
ரே 977
டியோன் 856
கென்னடி 854

மற்ற நால்வரும் வெகு தூரம் பின்தங்கினார்கள்.

டியோனுக்கு மூன்றாம் இடம். கென்னடிக்கு நான்காம் இடம். இடையில் இரண்டு ஓட்டு!

இன்னும் மூன்றே மூன்று கென்னடி ஆதரவாளர்கள், செலவையும் குளிரையும் பாராமல் வீட்டை விட்டுப் புறப்பட்டு வந்திருந்தால்? 857 ஓட்டு! கென்னடி அல்லவா மூன்றாம் இடம்! இவர்களில் முந்தி நிற்பவர் யார், விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியே தலைகீழாக மாறியிருக்கும்.

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பார்கள். துரும்பின் அருமை அன்று இரவு தெரிந்தது.

தலைவர் தோற்றார்

மறு நாள் டிசம்பர் 2-ந் தேதி, சனிக்கிழமை. இரண்டாம் சுற்று. டியோன் 974. கென்னடி 884. இரண்டு ஓட்டு வித்தியாசம் இப்போது 90 ஆகிவிட்டது. கடைசியில் வந்தவர் டிரைடன். விதிப்படி அவர்தான் நீங்க வேண்டும். கென்னடி இன்னும் ஒரு சுற்று நின்று பார்த்திருக்கலாம். நிற்கவில்லை. போட்டியில் இருந்து விலகி, டியோனை ஆதரித்தார்!

தலைவர் ஒரு நொடியில் முடிவு செய்துவிடலாம். தொண்டரின் மனம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா? பல மாதங்கள் வீடு வீடாகப் போய், "எங்கள் ஆள்தான் சிறந்தவர்" என்று சொன்ன வாயால், இன்னொருவருக்கு ஜே போட வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும். கோபம் வரும். "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று தோன்றும்.

ஓட்டு ரகசிய ஓட்டு. ஆசிரியை யாருக்குப் போட்டார் என்று யாரும் பார்க்க முடியாது. கென்னடி சொன்னார் என்பதற்காக அவர் டியோனுக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இக்னாட்டிப்புக்குப் போடலாம். ரேக்குப் போடலாம். விமானம் ஏறி ஊருக்கும் போகலாம்.

அவர் என்ன செய்தார்? மூன்றாம் சுற்றின் கணக்கைப் பார்த்தால் தெரியும்.

டியோன் 1,782
இக்னாட்டிப் 1,660
ரே 1,375

ஒரே தாவலில் டியோனுக்கு 808 ஓட்டு கூடுதல்! மூன்றாம் இடத்தில் இருந்தவர் முதல் இடத்துக்கு வந்துவிட்டார். கென்னடிக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் சிதறாமல் ஒன்றாக நகர்ந்தார்கள் என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. டியோன் அணியின் பச்சை நிறம் மண்டபம் எங்கும் பரவியது.

ரே நீங்கினார். "யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடுங்கள்" என்று ஆதரவாளர்களை விட்டுவிட்டார். கடைசிச் சுற்றில் டியோனுக்கு 2,521 ஓட்டு. இக்னாட்டிப்புக்கு 2,084 ஓட்டு. முதல் சுற்றில் 100-க்கு 18 ஓட்டு கூட வாங்காத மனிதர் கட்சித் தலைவர் ஆனார்!

கென்னடி தோற்றார். ஆனால் யார் ஜெயிப்பது என்பதை முடிவு செய்தவர்கள் கென்னடியின் தொண்டர்கள்!

பிறகு நடந்தது

கதை அதோடு முடிந்தால் இனிப்பாக இருக்கும். முடியவில்லை.

2008-ம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் டியோன் தலைமையில் கட்சி தோற்றது. 77 இடங்களே கிடைத்தன. அவர் விலகினார். அடுத்து இக்னாட்டிப் தலைவர் ஆனார். 2011-ம் ஆண்டுத் தேர்தலில் இன்னும் பெரிய அடி. 34 இடங்கள். கட்சியின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக மூன்றாம் இடம்! மாண்ட்ரீல் மண்டபத்தில் கை தட்டியவர்களில் எத்தனை பேர் மனம் உடைந்து வீட்டில் உட்கார்ந்தார்களோ!

ஆனால் கட்சி ஒரு பாடம் கற்றது. 2009-ம் ஆண்டு வான்கூவர் நகரில் நடந்த மாநாட்டில், இனிப் பிரதிநிதிகள் வேண்டாம், ஒவ்வொரு உறுப்பினரும் நேராக ஓட்டுப் போடட்டும் என்று தீர்மானித்தார்கள். விமான டிக்கெட்டுக்குப் பணம் இல்லாத தொண்டருக்கும், குழந்தைகளை விட்டு வர முடியாத தாய்க்கும், வீட்டில் இருந்தே ஓட்டு! ஆனால் தொகுதிக்குத் தொகுதி சமம் என்ற விதியை மட்டும் விடவில்லை. பெரிய தொகுதியோ, சிறிய தொகுதியோ, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி.

2013-ம் ஆண்டு இந்த முறையில் முதல் தேர்தல் நடந்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். 2025-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி நடந்த தேர்தலில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டு, மார்க் கார்னியைத் தலைவர் ஆக்கினார்கள். சில நாட்களில் அவர் பிரதம மந்திரியாகப் பதவி ஏற்றார்.

தோற்ற அணியில் ஒரு இளைஞர்

2006-ம் ஆண்டு மாண்ட்ரீல் மண்டபத்தில், கென்னடியின் அணியில் ஒரு இளைஞர் நின்றார். அவருக்கு வயது 34. அப்போது அவர் எம்.பி. அல்ல, மந்திரி அல்ல. கென்னடிக்கு ஆதரவு திரட்டினார். அவர் தோற்றதும் மற்றவர்களோடு சேர்ந்து டியோன் பக்கம் நடந்தார். டியோன் தோற்றபோதும், இக்னாட்டிப் தோற்றபோதும் கட்சியை விட்டுப் போகவில்லை.

2013-ம் ஆண்டு அந்த ஒரு லட்சம் பேர் தலைவராகத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். 2015-ம் ஆண்டு அவர் பிரதம மந்திரி ஆனார். பெயர்: ஜஸ்டின் டிரூடோ!

அவர் பிரதம மந்திரியின் மகன். புகழ் பெற்ற குடும்பம். அந்த வசதி அல்பர்டா ஆசிரியைக்கு இல்லை. ஆனால் அன்று மண்டபத்தில் இருவருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. தங்கள் ஆள் தோற்றும், வீட்டுக்குப் போகாமல் அடுத்த சுற்றுக்கு வரிசையில் நின்றார்கள். அவருடைய கையிலும் ஒரே ஓட்டு. ஆசிரியையின் கையிலும் ஒரே ஓட்டு!